அணுக்கழிவைச் சுத்தம் செய்யும் ஆராய்ச்சியில் முப்பது வருடம் இருந்த பேராசிரியர் கடைசியில் எதைச் சாதித்தார்?

கேட்டவர் மெக்கானிக்கல் கடைசி வருட மாணவர். அமெரிக்காவில் ஹான்ஃபோர்ட் அணுக்கழிவுச் சுத்திகரிப்புக்காக முப்பது வருடம் ஆராய்ச்சி செய்து, நிறைய மாணவர்களை உருவாக்கி ஓய்வு பெறும் ஒரு பேராசிரியரைப் பற்றிப் படித்திருக்கிறார். "அந்த இடம் இன்னும் சுத்தமாகவில்லையாமே, அப்படியென்றால் இத்தனை வருடம் அவர் என்னதான் செய்தார்? நான் இந்தத் துறைக்கு வரலாமா?" என்று கேட்கிறார். பார்க்க இரண்டு கேள்வி மாதிரி இருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான். தன் காலத்தில் முடியாது என்று தெரிந்த வேலைக்கு ஒருவர் தன் காலத்தைக் கொடுக்கலாமா? இதே கேள்வியை நானும் இருபத்து மூன்று வயதில் கேட்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். மெக்கானிக்கல் படித்துவிட்டு அமெரிக்கா போய், இதே மாதிரி ஒரு பேராசிரியரிடம் பிஎச்.டி. செய்தவன். கெட்டியான கழிவுக் கூழைக் குழாயில் அடைக்காமல் தள்ளுவது எப்படி என்பதுதான் அப்போதிலிருந்து என் வேலை. பதினேழு வருடம் ஆகிறது. ஆகவே தொட்டி, பம்ப், குழாய் பற்றி நான் சொல்வதை நம்பலாம். நிலத்தடி நீரும், கழிவைக் கண்ணாடியாக உருக்குவதும் பக்கத்து லேப் சமாச்சாரங்கள். கூட வேலை செய்தவர்களிடம் கற்றது. கதிர்வீச்சு உடம்பை என்ன செய்யும் என்பது என் துறை இல்லை. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

ஹான்ஃபோர்ட் இருப்பது வாஷிங்டன் மாநிலத்தின் தென்கிழக்கில், கொலம்பியா ஆற்றங்கரையில். 1943-ல் அணுகுண்டுத் திட்டத்துக்காக அங்கிருந்த விவசாயிகளை வெளியேற்றினார்கள். யகாமா முதலான பூர்வகுடிகள் காலம் காலமாக மீன் பிடித்த ஆற்றுப் பகுதியும் வேலிக்குள் போனது. 1944 செப்டம்பரில் முதல் உலை ஓடத் தொடங்கியது. நாகசாகியில் விழுந்த குண்டின் புளூட்டோனியம் இங்கே தயாரானதுதான். அப்புறம் பனிப்போர் முழுக்க, ஒன்பது உலைகள் வரை ஓடின. 1987-ல் கடைசி உலை நின்றது. 1989-ல் மத்திய எரிசக்தித் துறை, சுற்றுச்சூழல் முகமை, வாஷிங்டன் மாநிலம் ஆகிய மூன்றும் சுத்திகரிப்பு ஒப்பந்தம் போட்டன. நீங்கள் படித்த பேராசிரியரின் தலைமுறை உள்ளே வந்தது அந்தச் சமயத்தில்தான்.

எரிபொருளை அமிலத்தில் கரைத்துப் புளூட்டோனியத்தைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சிய திரவத்தைப் பூமிக்கடியில் தொட்டி கட்டி ஊற்றினார்கள். மொத்தம் 177 தொட்டிகள். அதில் 149 ஒற்றைச் சுவர், 28 இரட்டைச் சுவர். பெரிய தொட்டி 75 அடி விட்டம். 38 லட்சம் லிட்டர் பிடிக்கும். எல்லாத் தொட்டியிலும் சேர்ந்து கிடந்தது ஏறத்தாழ 21 கோடி லிட்டர். சாதாரண கார்பன் எஃகுத் தொட்டி அமிலத்தைத் தாங்காது. அதனால் ஊற்றுவதற்கு முன்னால் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்துக் காரமாக்கினார்கள். அன்றைக்கு எஃகு தப்பியது. ஆனால் காரம் சேர்ந்ததும் உலோகங்கள் எல்லாம் வண்டலாக அடியில் இறங்கின. நீரை ஆவியாக்கி இடம் மிச்சம் பிடித்தபோது உப்பு கட்டி தட்டியது. இப்போது பல தொட்டிகளில் அடியில் கிணற்றுத் தூர் மாதிரி சகதி, அதன் மேல் ஈரம் பட்டு இறுகிய உப்பு மூட்டை மாதிரி ஒரு அடுக்கு, சிலவற்றில் அதற்கும் மேல் காரத் திரவம். ஒற்றைச் சுவர்த் தொட்டிகளில் 67 கசிந்திருப்பதாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

நம் ஊரில் கிணற்றில் தூர் எடுக்க ஆள் இறங்குவார். இங்கே இறங்க முடியாது, இறங்கினால் உயிர் போகும். மேலே நின்று பார்த்தால் கண்ணுக்குத் தெரிவது வெறும் சரளைக்கல் தரையும், அதில் அங்கங்கே நீட்டிக்கொண்டிருக்கும் குழாய் வாய்களும்தான். சில அங்குலத்திலிருந்து மூன்றரை அடி வரை அகலமுள்ள அந்த வாய் வழியாகத்தான் கேமரா, நீர்ப்பீச்சி, பம்ப், இயந்திரக் கை எல்லாம் உள்ளே போக வேண்டும். எழுபத்தைந்து அடி அகலத்துக்குக் கிடக்கும் சகதியைக் கலக்கி, உறிஞ்சி, மூன்று அங்குலக் குழாயில் தள்ளி, வேறு தொட்டிக்கோ ஆலைக்கோ கொண்டு போக வேண்டும். பொறியியல் மாணவருக்கு இதைவிட நல்ல கணக்கு எங்கே கிடைக்கும்?

இதில் ஒரு பேராசிரியர் என்ன செய்வார் என்பதை என் வழிகாட்டியின் லேபை வைத்தே சொல்கிறேன். அங்கே கதிரியக்கம் எதுவும் கிடையாது. கயோலின் களிமண், பென்டோனைட், மணல், சில உப்புகள் சேர்த்து, ஓட்டத்தில் அசல் கழிவு மாதிரியே நடந்துகொள்ளும் மாதிரிக் கூழைத் தயாரிப்போம். வெளியிலிருந்து பார்க்க வசதியாக அக்ரிலிக் குழாய். கூழின் கெட்டித்தன்மையை அவர் புதிதாக வந்த எனக்குச் சமன்பாட்டில் ஆரம்பித்துச் சொல்லித் தரவில்லை. ஒரு வாளியில் கொடுத்துக் கையை விட்டுப் பார்க்கச் சொன்னார். கரண்டியில் எடுத்த கெட்டி இட்லி மாவு, கரண்டியைச் சாய்த்தாலும் கொஞ்ச நேரம் விழாமல் ஒட்டிக்கொண்டு நிற்குமே, அதுதான். ஒரு குறிப்பிட்ட அளவு விசை கொடுக்கும் வரை அது திடப்பொருள். அதைத் தாண்டினால் ஓடும். அந்த எல்லையின் பெயர் நெகிழ்வுத் தகைவு. பம்பு அந்த எல்லையைத் தாண்ட முடியாவிட்டால் குழாயில் இருப்பது கூழ் இல்லை, தக்கை.

முதல் வருடம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, சோதனை முடிந்ததும் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவாமல் பம்பை நிறுத்திவிட்டுப் போய்விட்டேன். திங்கள்கிழமை வந்து பார்த்தால் குழாயின் அடிப்பாதி முழுக்கச் சாம்பல் நிறத்தில் படுகை படிந்து, வளைவில் அடைத்துக்கொண்டு நின்றது. எனக்குக் கை நடுங்கியது. அவர் வந்து பார்த்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வந்து என்னோடு தரையில் உட்கார்ந்து ஃபிளாஞ்சைக் கழற்றினார். கழற்றுவதற்கு முன்னால் எத்தனை மணிக்கு நிறுத்தினாய், அறை வெப்பம் என்ன, படுகை எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டு நோட்டில் எழுத வைத்தார். "ஹான்ஃபோர்டில் கரண்ட் போனால் இதுதான் நடக்கும், இதை யாரும் வேண்டுமென்று செய்து பார்ப்பதில்லை" என்றார். என் ஆய்வேட்டின் மூன்றாவது அத்தியாயம் அந்தத் திங்கள்கிழமையில் பிறந்தது: ஓட்டம் நின்ற எத்தனை நேரத்துக்குப் பிறகு மறுபடி தொடங்க எவ்வளவு அழுத்தம் வேண்டும்? ஹான்ஃபோர்டில் உண்மையிலேயே பழைய குழாய்கள் சில அடைத்துக்கொண்டு கைவிடப்பட்டிருக்கின்றன. கழிவில் பாஸ்பேட் அதிகமிருந்தால், குளிர்ந்ததும் ஊசி ஊசியாகப் படிகம் கட்டிக் குழாயை மூடிவிடும். பூமிக்கடியில் அடைத்த கதிரியக்கக் குழாயை ஸ்பேனர் வைத்துக் கழற்ற முடியாது. அடைக்காமல் பார்ப்பது ஒன்றே வழி.

சரி, இப்படி லேபில் செய்வதெல்லாம் தொட்டிக்குப் போய்ச் சேர்கிறதா? சேர்கிறது, ஆனால் அதற்கு ஆகும் காலம் உங்களை அதிர வைக்கும். எனக்குப் பிடித்த உதாரணம், கழிவில் கலந்திருக்கும் சீசியம் என்ற கதிரியக்கத் தனிமத்தைப் பிடிக்கும் ஒரு பொருள். 1990-களின் தொடக்கத்தில் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் வேதிப்பொறியியல் பேராசிரியர் ரேஃபர்ட் ஆன்டனியின் குழுவும் சாண்டியா தேசிய ஆய்வகமும் சேர்ந்து படிக சிலிக்கோடைட்டனேட் என்ற பொருளை உருவாக்கின. அதன் படிகத்தில் உள்ள துளைகள் சீசியம் அயனிக்கு அளவெடுத்த மாதிரி. சோடியம் அதைவிடப் பல்லாயிரம் மடங்கு இருந்தாலும் அதை விட்டுவிட்டுச் சீசியத்தைத் தேடிப் பிடிக்கும். அமெரிக்கத் தொட்டிக் கழிவை மனதில் வைத்துத்தான் செய்தார்கள். ஆனால் அது உலகத்துக்குத் தெரிந்தது 2011-ல் ஃபுகுஷிமா விபத்துக்குப் பிறகு, அங்கே தேங்கிய நீரிலிருந்து சீசியத்தை எடுக்கப் பயன்பட்டபோது. ஹான்ஃபோர்டிலேயே அதை வைத்துத் தொட்டிக்குப் பக்கத்தில் சீசியம் நீக்கும் அமைப்பு ஓடத் தொடங்கியது 2022 ஜனவரியில். முப்பது வருடம்! அன்றைக்கு அந்த லேபில் சோதனைக்குழாய் கழுவிக்கொண்டிருந்த மாணவர் இன்றைக்கு ஓய்வு பெறும் வயதில் இருப்பார். "இத்தனை வருடம் என்ன செய்தார்" என்று நீங்கள் கேட்டதற்கு என்னிடம் இருக்கும் நேரடிப் பதில் இதுதான்.

சின்னதாக இன்னொன்று. எஸ்ஒய்-101 என்ற தொட்டியில் ஹைட்ரஜன் வாயு சகதிக்குள் சிக்கி, ஏறக்குறைய நூறு நாளைக்கு ஒரு தடவை மொத்தமாக வெளியே பொங்கிக்கொண்டிருந்தது. மூடிய தொட்டிக்குள் ஹைட்ரஜன் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 1993-ல் ஒரு கலக்கும் பம்பை உள்ளே இறக்கினார்கள். வாயு சேர்ந்து பொங்காமல் சிறிது சிறிதாக வெளியேறத் தொடங்கியது. இதன் பின்னணியில் இருந்தது, கெட்டிக் கூழுக்குள் வாயுக்குமிழி எப்போது சிக்கும், எப்போது விடுபடும் என்ற கேள்வி. அது முழுக்க முழுக்க நம் பாடம்.

இப்போது எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் துறையைப் பற்றி வெளியே வருவது ஒன்று பயமுறுத்தலாக இருக்கும், இல்லாவிட்டால் விளம்பரமாக இருக்கும். கழிவை போரோசிலிகேட் கண்ணாடியாக உருக்கி எஃகு உருளையில் ஊற்றலாம் என்பது உறுதி. தென் கரோலினாவின் சவன்னா ரிவர் தளத்தில் 1996-லிருந்து அதைச் செய்கிறார்கள். நியூயார்க் மாநிலத்தின் வெஸ்ட் வேலியில் 1996-ல் தொடங்கி 2002-ல் முடித்தே விட்டார்கள். ஹான்ஃபோர்டில் ஆலை கட்ட இருபது வருடத்துக்கு மேல் ஆனது. அங்கே முதல் தொட்டிக் கழிவு கண்ணாடியானது 2025 அக்டோபரில். ஒவ்வொன்றும் 300 டன் எடையுள்ள இரண்டு உருக்கு உலைகள், 1150 டிகிரி செல்சியஸில். அதுவும் கதிரியக்கம் குறைந்த பகுதிக்கு மட்டும். உயர் கதிரியக்கச் சகதிக்கான வழி இன்னும் திறக்கவில்லை. அந்தச் சகதியைத் தயார் செய்ய வேண்டிய கட்டடத்தில், பாத்திரங்களுக்குள் கூழ் ஒழுங்காகக் கலக்குமா என்ற சந்தேகம் தீராததால் 2012-ல் வேலையை நிறுத்தினார்கள். கவனியுங்கள், அங்கே ஒரு பெரிய கட்டடத்தையே நிறுத்தியது அணு இயற்பியல் இல்லை. கலக்குதல்.

அந்தக் கண்ணாடி பல ஆயிரம் வருடம் எப்படி இருக்கும் என்பது சோதனை போட்டுப் பார்க்க முடியாத விஷயம். கழிவில் இருக்கும் டெக்னீசியம்-99 என்ற கதிரியக்கப் பொருளின் அரை ஆயுள் 2 லட்சம் வருடத்துக்கு மேல். எந்த லேபில் காத்திருப்பது? இங்கே ராட் யூயிங்கை நினைக்காமல் இருக்க முடியாது. 2024-ல் காலமானார். நியூ மெக்சிகோ, மிச்சிகன், ஸ்டான்ஃபோர்ட் என்று மூன்று பல்கலைக்கழகங்களில் பாடம் நடத்தியவர். அடிப்படையில் கனிமவியல்காரர். யுரேனியமும் தோரியமும் கலந்த இயற்கைக் கனிமங்கள், தங்களுக்குள் இருக்கும் கதிரியக்கத்தாலேயே கோடிக்கணக்கான வருடத்தில் எப்படிச் சிதைகின்றன என்பதிலிருந்து தொடங்கி, நாம் செய்யும் கழிவுத் திடப்பொருள் எத்தனை காலம் தாங்கும் என்ற கேள்விக்கு வந்தார். இயற்கை ஏற்கெனவே செய்து வைத்திருக்கும் நீண்ட சோதனையைப் படிப்பது அவர் வழி. 2012-லிருந்து 2017 வரை அமெரிக்க அணுக்கழிவுத் தொழில்நுட்ப மறுஆய்வு வாரியத்தின் தலைவராகவும் இருந்தார். இப்படிப்பட்டவர்கள் இருந்தும், கண்ணாடி கரையும் வேகத்தைப் பல்லாயிரம் வருடத்துக்கு நீட்டிச் சொல்லும் எண்களை நான் மதிப்பீடு என்றுதான் சொல்வேன், அளவு என்று சொல்ல மாட்டேன்.

செலவும் அப்படித்தான். 2019-ல் வந்த அரசுக் கணக்கு, ஹான்ஃபோர்டில் மீதி வேலைக்கு 32,300 கோடி டாலரிலிருந்து 67,700 கோடி டாலர் வரை ஆகும் என்றது. மேலெண் கீழெண்ணைப் போல் இரண்டு மடங்கு. என் மாணவர் இப்படி ஒரு பிழைவரம்போடு வந்தால் திருப்பி அனுப்புவேன். ஆனால் இங்கே அதுதான் நேர்மையான எண். தொட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதே பல இடங்களில் பழைய பதிவேட்டையும் சில மாதிரிகளையும் வைத்து ஊகித்ததுதான். கண்ணாடி உருளைகள் கடைசியில் எங்கே போகும் என்பதும் முடிவாகவில்லை. அவற்றைப் பூமிக்கடியில் புதைக்க நினைத்த நெவாடாவின் யக்கா மலைத் திட்டம் 2010-க்குப் பிறகு நின்று போனது.

இந்த இடத்தில்தான் மாணவர்கள் விஷயம் வருகிறது. ஆய்வுதான் உண்மையான வேலை, மாணவர்களைப் பார்த்துக்கொண்டது கூடுதல் நல்ல குணம் என்கிற மாதிரிதான் உங்கள் கேள்வி தொனிக்கிறது. இந்தத் துறையில் அப்படிப் பிரிக்க முடியாது என்பது என் உறுதியான கருத்து. திட்டத்தின் காலம் ஒருவரின் பணிக்காலத்தைவிட நீளம். 1950-களில் எந்தத் தொட்டியில் எதை ஊற்றினோம் என்று தெரிந்தவர்கள் பெரும்பாலும் இன்று இல்லை. 1990-களில் நுழைந்தவர்கள் இப்போது ஓய்வு பெறுகிறார்கள். அடுத்த கை தயாராக இல்லாவிட்டால் எந்த ஆலையும் ஓடாது. இதைப் புரிந்துகொண்டுதான் மயாமியில் இருக்கும் ஃபுளோரிடா சர்வதேசப் பல்கலைக்கழகத்தில் எரிசக்தித் துறையோடு சேர்ந்து 2007-லிருந்து ஒரு மாணவர் திட்டம் நடத்துகிறார்கள். இளநிலை மாணவர்களே லேபில் வேலை செய்வார்கள், கோடையில் பத்து வாரம் தளத்துக்கோ தேசிய ஆய்வகத்துக்கோ போவார்கள், வசந்தத்தில் ஃபீனிக்ஸ் நகரில் நடக்கும் கழிவு மேலாண்மை மாநாட்டில் போஸ்டர் வைப்பார்கள்.

அந்த மாநாட்டில் ஒரு தடவை எங்கள் லேப் மாணவி தன் போஸ்டருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் வந்தார்; தொட்டி வளாகத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். படத்தில் ஒரு வால்வைத் தொட்டு, "இது இங்கே இல்லையம்மா, மாற்றி வைத்துவிட்டோம், வரைபடத்தில் திருத்தவில்லை" என்றார். அவளுடைய கணக்கே அந்த வால்வுக்கு முன்னால் இருக்கும் நேர்க்குழாயின் நீளத்தை வைத்துப் போட்டது. அப்படியே நோட்டை எடுத்து அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். என் வழிகாட்டி அவர்களிடம் போகவில்லை, குறுக்கே பேசவில்லை. நாலடி தள்ளி நின்று, மற்றவர்கள் அந்தப் பக்கம் வந்து இடைஞ்சல் செய்யாமல் பார்த்துக்கொண்டார். அவள் இப்போது ஹான்ஃபோர்டில் கழிவு இடமாற்றப் பொறியாளர்.

நீங்கள் வரலாமா என்பதற்கு வருவோம். ஆசை காட்டி ஏமாற்ற மாட்டேன். அமெரிக்கத் தளங்களில் நேரடி வேலைகள் பலவற்றுக்கு அந்நாட்டுக் குடியுரிமை கேட்பார்கள். வெளிநாட்டவருக்குப் பல்கலைக்கழகமும் தேசிய ஆய்வகங்களின் சில பிரிவுகளும்தான் வழி. அங்கும் தளத்துக்குள் போக அனுமதிக் காகிதம் மாதக்கணக்கில் இழுக்கும். நிதி ஆட்சிக்கு ஆட்சி ஏறி இறங்கும். நான் இரண்டு தடவை பாதியில் நின்ற திட்டத்தை மூட்டை கட்டி வைத்திருக்கிறேன், அந்த வலி பெரியது. ஆனால் கற்ற வித்தை வீணாகாது. சுரங்கக் கழிவு, சாக்கடைச் சகதி, எண்ணெய்க் குழாய், உணவு ஆலை என்று கெட்டிக் கூழ் இல்லாத இடம் இல்லை.

அப்புறம், இந்த வேலைக்கு அமெரிக்காதான் போக வேண்டும் என்றும் இல்லை. இந்தியா தன் எரிபொருளை மறுசுழற்சி செய்யும் நாடு. தாராப்பூர், டிராம்பே, கல்பாக்கம் மூன்று இடத்திலும் கழிவைக் கண்ணாடியாக்கும் ஆலைகள் இருக்கின்றன. பாபா அணு ஆராய்ச்சி மையத்தில், கழிவிலிருந்து சீசியத்தைப் பிரித்துக் கண்ணாடிப் பென்சில்களாக்கி, ரத்த வங்கிகளில் ரத்தத்தைக் கதிரூட்டும் கருவிகளுக்குக் கொடுக்கிறார்கள். கேட் தேர்வு எழுதி அதன் பயிற்சிப் பள்ளிக்கு முயற்சி செய்வது உங்கள் நிலையில் நேரான பாதை.

முடிவெடுப்பதற்கு முன்னால் ஒரு சோதனை. ஒரு மீட்டர் அக்ரிலிக் குழாய், சின்ன பம்ப், பத்து கிலோ களிமண் இருந்தால் போதும்; ஃபைனல் இயர் பிராஜெக்டாகவே செய்யலாம். பம்பை நிறுத்தி ஐந்து நிமிடம், ஒரு மணி நேரம், ஒரு நாள் விட்டு, ஒவ்வொரு தடவையும் மறுபடி ஓட வைக்க எவ்வளவு அழுத்தம் தேவைப்படுகிறது என்று அளந்து பாருங்கள். தண்ணீரின் வெப்பநிலையையும் மறக்காமல் எழுதுங்கள், நான் முதலில் அதைத்தான் விட்டேன். எண்கள் கைக்கு வந்ததும் இங்கேயே போடுங்கள், உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.